துணிவா, வாணிபமா? – றக்பி வீரரின் குத்துச்சண்டைப் பிரவேசம்

றக்பி அணியொன்றின் புகழ்பெற்ற வீரர் தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையில் ஏறும்போதெல்லாம் இரு குரல்கள் ஒலிப்பதுண்டு. ஒன்று புகழ்மொழி: பழகிய களத்தை விட்டு அறியாத களத்தில் தனித்து நிற்கத் துணிந்த மாவீரன் என அது அவனைப் போற்றுகின்றது. மற்றொன்று இகழ்மொழி: அணியையும் இரசிகரையும் மறந்து பணத்தின் பின்னே ஓடிய கூலிப்படையாள் என அது அவனைத் தூற்றுகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே பார்வையிற் பிறந்தவையே. மேடையேறிய அந்த ஒரு மனிதனை மட்டுமே இரண்டும் காண்கின்றன. அவனுக்கு எதிரே நின்றவன் யார்? அவனை அங்கே நிறுத்தியவர் யார்? அவனது வரவினால் இடமிழந்தவன் யார்? இவ்வினாக்களைப் புகழ்வோரும் எழுப்புவதில்லை, இகழ்வோரும் எழுப்புவதில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை ஆராயின், இவ்வினாக்களே முதன்மையானவை என்பது புலனாகும்.

முதலில் இகழ்வோரின் வாதத்தை நோக்கலாம். உழைப்பவன் தன் உடலுழைப்புக்குக் கூலி கேட்பதைப் பாவமெனக் கருதும் மனப்பான்மை றக்பி விளையாட்டுக்குப் புதியதன்று. அதன் வரலாற்றோடு பிறந்தது. 1871 ஆம் ஆண்டு இலண்டனில் அமைக்கப்பட்ட றக்பி யூனியன் உயர்குடியினரதும் அவர்தம் கல்லூரிகளினதும் விதிகளையே விளையாட்டின் அறமாக வகுத்தது. யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த தொழிலாளர், சனிக்கிழமைகளில் விளையாடுவதற்காக வேலையை விட்டுவந்தபோது இழந்த கூலியை ஈடு செய்யுமாறு கேட்டனர். அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. அதன் விளைவாகவே 1895 ஓகஸ்ட் மாதத்தில் ஹடர்ஸ்பீல்ட் நகர விடுதியொன்றிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. பிற்காலத்து றக்பி லீக் அப்பிரிவினையிலிருந்து முளைத்ததேயாகும். பணம் பெற்று விளையாடியோரை யூனியன் நெடுங்காலம் தீண்டத்தகாதோராக ஒதுக்கிவைத்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஓகஸ்ட் மாதத்தில், அதே யூனியன் தொழில்முறை விளையாட்டுக்குத் தன் கதவுகளைத் திறந்துவிட்டது. நூறாண்டு பாவம் ஒரே நாளிற் புண்ணியமாயிற்று! இத்தகைய வரலாற்றையுடைய ஒரு விளையாட்டின் காவலர், வீரனொருவன் கூடுதலான கூலி நாடி வேறொரு களத்துக்குச் சென்றான் என்பதற்காக அவனைக் கூலிப்படையாள் என இகழ்வது நகைப்புக்கிடமானது. குறுகிய காலமே நிலைக்கும் தன் உடல் வலிமையை விற்று வாழும் ஒருவன், அதனை எங்கு விற்பதெனத் தீர்மானிக்கும் உரிமையுடையவனே.

ஆயின், அவ்வுரிமையை ஏற்றுக்கொள்வது, அவன் விற்கப்படும் முறையை ஏற்றுக்கொள்வதாகாது. இவ்விடத்திலேதான் புகழ்வோரின் வாதம் ஆராயப்பட வேண்டியதாகின்றது.

றக்பி வீரர் பெரும்பாலும் அதிபார எடைப் பிரிவையே நாடுவதற்குக் காரணம் உண்டு. குத்துச்சண்டையின் ஏனைய பிரிவுகள் யாவும் மேல் எல்லையுடையன. குறித்த எடையைத் தாண்டியவன் மேடையேற இயலாது. அதிபாரப் பிரிவில் மட்டும் 200 இறாத்தலுக்கு மேற்பட்டோர் எவரும் எவரையும் எதிர்க்கலாம். நூறு கிலோவைத் தாண்டிய றக்பி வீரனுக்கு இயல்பாகவே அங்கு இடமுண்டு. உடலின் பருமையே நுழைவுச் சீட்டாகிவிடுகின்றது. ஆனால், குத்துச்சண்டை பருமையின் கலையன்று. பாதங்களை வைக்கும் முறையும், தூரத்தை அளந்தறியும் கண்ணும், அடியை வாங்காது தலையை விலக்கும் பழக்கமும் சிறுவயது முதல் பயிற்சிக்கூடத்திற் கழித்த ஆண்டுகளினாலேயே கைவருவன. றக்பியில் மோதலை நோக்கி உடலைச் செலுத்தப் பழகியவன், குத்துச்சண்டையில் மோதலிலிருந்து உடலைக் காக்கப் பழக வேண்டும். முந்தைய பழக்கம் பிந்தையதற்குத் துணையாவதிலும் தடையாவதே அதிகம்.

இதனால், ஒரு களத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறவே கூடாது எனக் கொள்ளல் தவறாகும். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே தோன்றிய அன்ரனி மண்டைன் இதற்குத் தக்க சான்று. அதிபாரப் பிரிவைச் சேர்ந்தவரல்லரேனும், இங்கு அவரைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 2000 ஆம் ஆண்டில், தன் ஆற்றலின் உச்சத்தில் நின்றபோதே, அவர் றக்பி லீக்கை அடியோடு துறந்து தந்தையின் தொழிலாகிய குத்துச்சண்டையை மேற்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே ஜேர்மனியில் ஸ்வென் ஒட்கேயிடம் பத்தாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். எனினும் பழைய களத்துக்கு அவர் திரும்பி ஓடவில்லை. 2003 ஆம் ஆண்டில் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை வென்றார். அவர் செய்தது இடமாற்றம். தொழிலை முற்றாக மாற்றி, புதிய தொழிலின் தோல்வியையும் தாங்கிய இடமாற்றம். அதனைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை. கண்டனத்துக்குரியது வேறொன்று. ஒரு களத்திற் சேர்த்த பெயரை மற்றொரு களத்தில் முதலீடு செய்து, விளையாட்டுப் பருவங்களுக்கிடையே இலாபம் எடுக்கும் வாணிபமே அது.

அவ்வாணிபத்தின் இயல்பை நியூசிலாந்தின் சொனி பில் வில்லியம்ஸ் சென்ற பாதை நன்கு காட்டும். அவரது றக்பித் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. லீக், யூனியன் எனும் இரு வகையிலும் அவர் தேசிய அணியில் இடம்பெற்றவர். 2011, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகக் கிண்ணத்தை வென்ற நியூசிலாந்து அணியில் ஆடியவர். 2009 மே மாதத்தில் பிறிஸ்பேன் நகரில் அவர் முதன்முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையேறினார். அன்றுதொட்டு 2015 ஜனவரி வரையான காலத்தில் அவர் ஆடிய போட்டிகள் ஏழு. ஏழிலும் வெற்றி! ஆனால் அவர் எதிர்கொண்டோர் யார்? 2011 யூன் மாதத்தில் ஒக்லாந்திற் சந்தித்தவர் நாற்பது வயதைக் கடந்தவர். கிறைஸ்ற்சேர்ச் நிலநடுக்கத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டும் நற்பணியோடு அப்போட்டி இணைக்கப்பட்டிருந்தது உண்மையே. எனினும், அறப்பணி ஒன்றன் பெயரால் பொருத்தமற்ற ஒரு போட்டி பொருத்தமுடையதாகிவிடாது. நிதியை நாடகம் போட்டும் திரட்டலாம். கச்சேரி வைத்தும் திரட்டலாம். நாற்பது கடந்தவனின் தலையை அதற்குரிய உண்டியலாக்க வேண்டுமென்பதில்லை. 2012 பெப்ரவரியில், தன் ஐந்தாவது போட்டியிலேயே, அவர் நியூசிலாந்தின் அதிபார எடைப் பட்டத்தைப் பெற்றார். அதற்குத் தேவைப்பட்டது ஒரே சுற்று.

2013 பெப்ரவரியில் பிறிஸ்பேனில் நடந்த போட்டியே இப்பாதையின் உண்மையான உருவத்தை வெளிச்சமிட்டுக் காட்டியது. எதிரே நின்றவர் தென்னாபிரிக்காவின் பிரான்சுவா போதா. மைக் ரைசன், லெனொக்ஸ் லூயிஸ், இவாண்டர் ஹோலிபீல்ட் ஆகியோரோடு பொருதியவர் என விளம்பரங்கள் முழங்கின. அம்மூவரிடமும் அவர் வீழ்த்தப்பட்டார் என்பதையும், அவருக்கு அப்போது வயது 44 என்பதையும் விளம்பரங்கள் அதே அளவில் முழங்கவில்லை. இறுதிச் சுற்றுகளில் அம்முதியவர் முன்னேறித் தாக்க, இளையவராகிய வில்லியம்ஸ் களைத்துப்போய் எதிரியைப் பற்றிக்கொண்டு நின்றார். 12 சுற்றுகள் என அறிவிக்கப்பட்டிருந்த அப்போட்டி 10 ஆம் சுற்றோடு முடிவுற்றது. புள்ளிகளின் அடிப்படையில் வெற்றி வில்லியம்ஸுக்குரியதாயிற்று. சுற்றுகள் குறைக்கப்பட்டமை பற்றிப் பெருஞ் சர்ச்சை எழுந்தது. நான்கு மாதங்கள் கழித்து, 2013 யூன் மாதத்தில், அதே போதாவை ஒக்லாந்தில் எதிர்த்தவர் யோசப் பாக்கர், வயது 21. றக்பிப் புகழ் எதுவுமற்ற அவ்விளைஞர், சிறு பராயம் முதல் குத்துச்சண்டையையே கற்றுவந்தவர். அவருக்குப் பத்துச் சுற்றுகள் தேவைப்படவில்லை. இரண்டாம் சுற்றிலேயே போட்டி முடிந்தது.

இவ்விரு இரவுகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 2012 இல் தொழில்முறைக்கு வந்த பாக்கர், 21 போட்டிகளில் வென்ற பின்னரே 2016 டிசெம்பரில் உலகப் பட்டத்துக்குரிய மேடையில் நின்று, நியூசிலாந்திற் பிறந்த முதல் அதிபார எடை உலகச் சாம்பியனானார். நாலரை ஆண்டில் இருபத்தொரு போட்டி; ஏறத்தாழ ஆறு ஆண்டில் ஏழு போட்டி. முன்னையது தொழில்; பின்னையது பருவகால வியாபாரம். வில்லியம்ஸின் பிற்காலம் இதனை மேலும் உறுதிப்படுத்தியது. 2022 நவம்பரில் சிட்னியில் 48 வயதினரான மார்க் ஹன்ட் அவரை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். 2025 யூலையில் அதே நகரில், தம்மைப் போன்றே றக்பியிலிருந்து வந்த போல் கலனிடம் அவர் புள்ளி அடிப்படையில் தோற்றார். இருவரும் நாற்பதை நெருங்கியும் கடந்தும் நின்றவர்கள். ஆயினும் அப்போட்டி பெருவிழாவாகவே விற்பனையாயிற்று.

போல் கலனின் பெயரைக் கூறியதும் எதிர்வாதிகள் எழுந்து நிற்பர். கலன் வெறும் வேடிக்கை மனிதரல்லர். 2021 ஏப்ரலில் முன்னாள் உலகப் பட்டதாரியான லூகஸ் பிறவுணை முதற் சுற்றிலேயே வீழ்த்தியவர் அல்லவா என அவர்கள் வினவுவர். வினவட்டும். பிறவுண் அப்போது நாற்பதைக் கடந்துவிட்டிருந்தார் என்பது ஒருபுறமிருக்க, அவ்வெற்றிக்கு இரண்டு மாதங்களின் பின் நிகழ்ந்ததை அவர்கள் ஏன் மறக்கின்றனர்? 2021 யூன் 16 ஆம் நாள் சிட்னியில், 39 வயதான கலன் 22 வயதான ஜஸ்டிஸ் ஹூனியை எதிர்த்தார். ஹூனி 2016 இல் இளைஞர் உலகச் சாம்பியன். 2019 உலகச் சாம்பியன் போட்டியில் வெண்கலம் பெற்றவர். ரோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் அவுஸ்திரேலியாவின் சார்பில் அதிபாரப் பிரிவில் நிற்கத் தகுதி பெற்றவர். விழா தொடங்க ஐந்து வாரங்களே எஞ்சியிருந்தன. ஒன்பது சுற்றுகள் கலன் அடிகளைத் தாங்கி நின்றார். பத்தாம் சுற்றில் மத்தியஸ்தர் போட்டியை நிறுத்தினார். வெற்றி ஹூனிக்கு. ஆனால் அவ்வெற்றியிலே அவரது கை காயமுற்றது. அக்காயத்தின் காரணமாக அவர் ஒலிம்பிக் அணியிலிருந்து விலக நேர்ந்தது.

இதுவே இவ்வாணிபத்தின் ஐந்தொகை. சிறுவயது முதல் ஒரு கலையைக் கற்று, நாட்டின் சார்பில் நிற்கும் தகுதியைத் தன் இரு கைகளாலும் ஈட்டிய ஓர் இளைஞன், ஒலிம்பிக் மேடைக்குச் செல்லவேண்டிய அக்கையை ஓய்வுபெற்ற றக்பித் தலைவர் ஒருவரின் தலையிற் காயப்படுத்திக்கொண்டான். அவன் ஏன் அப்போட்டிக்கு இணங்கினான் என இலகுவாகக் கேட்டுவிடலாம். தேர்ந்த குத்துச்சண்டை வீரனுக்குப் பெரும் பணமும் பெருங் கூட்டமும் கிடைக்கும் வழி, தன்னையொத்த தேர்ந்த வீரனை எதிர்ப்பதன்று; பெயர்பெற்ற றக்பி வீரனை எதிர்ப்பதே என்னும் நிலையை ஆக்கியவர் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஹூனியின் இணக்கத்தைக் குறைகூறுதல், கடனாளியை வைத்துவிட்டு வட்டிக்காரனை வாழ்த்துவதற்கு ஒப்பாகும்.

அந்நிலையை ஆக்கியவர் மூவர். முதலாமவர் போட்டி அமைப்பாளர். அவர் திறமையை விற்பதில்லை, ஆவலை விற்கிறார். வில்லியம்ஸ் வெல்ல வேண்டுமென விரும்புவோரும் பணம் செலுத்துவர். அவர் வீழ வேண்டுமென விரும்புவோரும் பணம் செலுத்துவர். இரு சாராரின் காசும் ஒரே பெட்டியில் விழுகின்றது. இரண்டாமவர் தொலைக்காட்சி நிறுவனத்தார். ஒரு போட்டிக்கெனத் தனியே கட்டணம் அறவிடும் முறை வந்தபின், இரசிகனுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரே அவர்களுக்கு மூலதனமாயிற்று. அறியப்படாத இளைஞனை அறியச்செய்யும் உழைப்பைவிட, அறியப்பட்டவனை இரவல் வாங்குவது இலாபகரமானது. மூன்றாமவர் பட்டம் வழங்கும் அமைப்புகள். 'சர்வதேச', 'ஆசிய', 'பசுபிக்' என அடைமொழிகள் பல சேர்த்துப் பட்டங்களைப் பெருக்கி, ஐந்தாவது ஆறாவது போட்டியிலேயே ஒருவனின் இடுப்பிற் பட்டியைக் கட்டிவிடும் இவர்கள், வாணிபத்துக்கு மரியாதை எனும் முத்திரையைக் குத்துகின்றனர். நாணயத்தை அளவின்றி அச்சிடின் அதன் பெறுமதி வீழ்வதுபோல், பட்டங்களைப் பெருக்கின் உண்மையாக வென்றவனின் பட்டமும் மதிப்பிழக்கின்றது.

இதுகாறும் கூறியவை நீதி பற்றியவை. இதனினும் பாரதூரமானது உயிர் பற்றியது. 1928 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரரிடையே காணப்பட்ட தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் மூளையில் ஏற்படும் சேதத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். நெடுங்காலம் இது குத்துச்சண்டைக்கு மட்டுமே உரிய சாபமெனக் கருதப்பட்டது. பின்னர் அவ்வெண்ணம் உடைந்தது. 2020 டிசெம்பரில், 2003 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து றக்பி அணியின் ஸ்ரீவ் தொம்சன், நாற்பதிரண்டாம் வயதிலேயே மறதிநோய்க்கு ஆளாகியிருப்பதையும், தாம் வென்ற அக்கிண்ணப் போட்டியே தம் நினைவில் இல்லை என்பதையும் வெளிப்படுத்தினார். அவரைத் தொடர்ந்து முன்னாள் வீரர் பலர் விளையாட்டின் ஆளுகை அமைப்புகளுக்கு எதிராக வழக்கெழுப்பினர். இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்குக. பத்துப் பதினைந்து ஆண்டுகள் றக்பியில் மோதுண்ட தலையை, ஓய்வு பெறவேண்டிய வயதில், அடிப்பதையே குறிக்கோளாகக் கொண்ட மேடைக்குக் கொண்டுசெல்வது இரட்டைக் கடன் வாங்குவதாகும். கலன் ஒன்பது சுற்றுகள் நின்றதைத் துணிவென இரசிகர் கைதட்டினர். நிற்பது துணிவாயிருக்கலாம். ஆனால் அடியை விலக்கும் கலையை அறியாதவனின் துணிவு, அவன் வாங்கும் அடிகளின் எண்ணிக்கையையே கூட்டுகின்றது. கைதட்டியவர் வீடு சென்றுவிடுவர். அக்கணக்கு இருபது ஆண்டு கழித்து, வேறொரு வீட்டில், மனைவி மக்கள் முன்னிலையில் தீர்க்கப்படும்.

புகழ்வோரிடம் இறுதியாக இரு வாதங்கள் எஞ்சியுள்ளன. றக்பி வீரர் வருவதால் குத்துச்சண்டைக்குப் புதிய இரசிகர் வருகின்றனர் என்பது ஒன்று. வருகின்றனர் என்பது மெய்யே. ஹூனியின் பெயரை அன்றிரவு முதன்முறையாகக் கேட்டோர் பலராயிருக்கலாம். ஆனால், பெயருக்காக வந்த கூட்டம் பெயரோடு போய்விடும். அடுத்த முறையும் அதனை அழைக்க மற்றொரு பெயரே தேவைப்படும். வயல் உழுபவனுக்கு மழை வேண்டும்; வாணவேடிக்கை போதாது. முதிர்ந்த இருவர் விரும்பி மோதுவதைத் தடுக்கப் பிறருக்கு என்ன உரிமை என்பது மற்றையது. இருவரும் ஒத்த தகுதியும் முழுமையான தகவலும் உடையோராயின் இவ்வாதம் நிற்கும். ஒருபுறம் பெயர்பெற்ற செல்வரும் மறுபுறம் கிடைத்த கூலிக்காகத் தலையை நீட்டும் முதிய வீரரும் நிற்கும்போது, விருப்பம் என்னும் சொல் பொருளிழக்கின்றது. பசி ஒப்பமிடும் ஒப்பந்தத்தைச் சுதந்திர ஒப்பந்தம் என அழைப்பது சந்தையின் பழைய தந்திரமாகும்.

ஆகவே, செய்யவேண்டியது தடையன்று, ஒழுங்கு. வேறு விளையாட்டிலிருந்து வருபவன் குறித்த எண்ணிக்கையான அமெச்சூர் போட்டிகளில் ஆடிய பின்னரே தொழில்முறை உரிமம் பெறவேண்டும். முன்னைய களத்தில் அவன் தலையில் வாங்கிய அடிகளின் மருத்துவப் பதிவேடு புதிய களத்துக்கும் அவனோடு வரவேண்டும். வயது முதிர்ந்த எதிராளிக்கும் அதே மருத்துவப் பரிசோதனை நடைபெறவேண்டும். விளம்பரத்தில் அறிவிக்கப்பட்ட சுற்றுகளே மேடையிலும் நடைபெறவேண்டும். தரவரிசையில் தன் உழைப்பால் இடம்பெறாத எவனுக்கும் பட்டப்போட்டி வழங்கப்படலாகாது. இவற்றுள் எதுவும் நடைமுறைக்கு ஒவ்வாததன்று. ஒவ்வாதது இலாபத்துக்கு மட்டுமே.

இவ்விதிகளை ஏற்று, மண்டைனைப் போலத் தன் பழைய புகழை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரும் றக்பி வீரனை எவரும் வரவேற்கலாம், அவனே துணிவுடையவன். பெயரை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே வருபவன் எத்தனை மேடை ஏறினும், அங்கு நடப்பது வாணிபமேயாகும். 2021 யூலையில் ரோக்கியோவில் விழா தொடங்கியபோது அங்கில்லாத ஓர் இளைஞனின் காயமுற்ற கை, இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டுக்குச் சான்றாக நிற்கின்றது.